குடம் கொடுத்த ஆறு சொற்கள்

முன்னொரு காலத்திலே, கடலுக்கும் காற்றுக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இருந்த காலத்திலே, வலம்புரித்தீவு என்று ஒரு தீவு இருந்தது. அந்தத் தீவில் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சங்கு உண்டு. அதில் வாயை வைத்துப் பேசினால் போதும். பத்துக் காத தூரத்தில் இருக்கிறவருடைய சங்கிலும் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்கும்.

ஆனால் சங்கு சும்மா திறக்காது. அதற்கு ஒரு திறவுச்சொல் சொல்ல வேண்டும். சரியான சொல்லைச் சொன்னால், "ஆகட்டும்" என்று திறக்கும். தப்பான சொல்லைச் சொன்னால், "இல்லை" என்று மூடிக்கொள்ளும். சொல்கிறவர் யார் என்று அது பார்க்காது. சரியான சொல்லை யார் சொன்னாலும் அவர்தான் அதற்குச் சொந்தக்காரர்.

அந்தத் தீவில் நீலாயி என்று ஒருத்தி இருந்தாள். படகுகளைக் கரைக்குக் கூப்பிடுவது அவள் வேலை. தீவைச் சுற்றிப் பல்வரிசைப்பாறை என்று கூர்கூராக நிற்கும் பாறைகள். நடுவில் ஒரே ஒரு வழி, இரண்டு படகு அகலம். பனிமூட்ட நாட்களில் அந்த வழி கண்ணுக்குத் தெரியாது. நீலாயி மேட்டுப்பாறையில் ஏறி நின்று, சங்கில் வாயை வைத்து, "இடது கைப்பக்கம்... இன்னும் கொஞ்சம்... இப்போ நேரா வாங்க" என்று சொல்லச் சொல்ல, படகுகள் ஒவ்வொன்றாக உள்ளே வரும். படகுக்காரர்கள் வேறு யார் குரலையும் நம்ப மாட்டார்கள். நீலாயியின் குரல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு துடுப்பைப் போடுவார்கள்.

இந்தக் கதை நடந்தபோது நாற்பது படகுகள் ஆழ்கடலுக்குப் போயிருந்தன. ஒன்றில் நீலாயியின் கணவன் வேலப்பன் இருந்தான். இன்னொன்றில் அவளுடைய நாத்தனார் கோதாயியின் கணவன் மாசாணம் இருந்தான். பௌர்ணமியன்று காலையில் எல்லாரும் திரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பனிக்காலம் வேறு.

இனி அந்த மாயாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எதிர்க்கரையில் ஒரு குகையில் சல்லடையன் என்று ஒரு மாயாவி இருந்தான். அவனுக்குச் சொந்தக் குரல் கிடையாது. மந்திரம் கற்கப் போன இடத்தில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் மந்திரத்தை வாங்கி வந்தான். அதனால் ஊரார் குரலைத் திருடிப் பேசுவான். ஒருவருடைய சங்கை மூன்று தடவை திறந்துவிட்டால், அவர் குரல் அவனோடு போய்விடும். இப்படி அறுபது குரல்களைச் சேர்த்து வைத்திருந்தான்.

அதில் ஒரு தொல்லையும் இருந்தது. சங்குக்குத் தப்பான சொல்லைச் சொன்னால் திருட்டுக் குரல் தேயும். ஒரு குரல் பத்துத் தவறுதான் தாங்கும். பதினோராவது தவறில் அவனை விட்டுக் கழன்று, உரியவரிடமே ஓடிவிடும். ஆகையால் சல்லடையன் கண்டபடி சொல்லிப் பார்க்க மாட்டான். அவனிடம் நெஞ்சாடி என்று ஊரறிந்த ஒரு கண்ணாடி இருந்தது. ஒருவருடைய மனம் எதை விரும்புகிறது, எதற்குப் பயப்படுகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது காட்டும். அதைப் பார்த்துவிட்டு இரண்டு சொல், மூன்று சொல் சொல்வான். சங்கு திறந்துவிடும்.

எப்படித் திறக்காமல் இருக்கும்? அந்தத் தீவுப் பெண்கள் கணவன் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். யாராவது கேட்டால், "அவங்க" என்பார்கள், இல்லையென்றால் பிள்ளை பெயரைச் சொல்லி, அதற்கு அப்பா என்பார்கள். ஆகவே கணவன் பெயர்தான் உலகத்திலேயே மறைவான சொல் என்று நினைத்து, எல்லாப் பெண்களும் அதையே திறவுச்சொல்லாக வைத்திருந்தார்கள். யாருக்கு யார் கணவன் என்பதோ ஊருக்கெல்லாம் தெரியும்!

பிரியமான சொல்லை வைக்காவிட்டால் சங்கு கோபித்துக்கொள்ளும் என்றும் ஊரில் ஒரு பேச்சு இருந்தது. சங்கிடம் யாரும் கேட்டதில்லை.

பௌர்ணமிக்கு ஐந்து நாள் முன்னால் சல்லடையன் நீலாயியின் சங்கைக் கூப்பிட்டான்.

"வேலப்பன்."

"ஆகட்டும்" என்றது சங்கு.

அடுப்படியில் இருந்த நீலாயிக்கு, மீன்முள் சிக்கியதுபோல் தொண்டையில் சுருக்கென்றது. ஓடி வந்தாள். சங்கு திறந்து கிடந்தது. பதறிப்போய் அந்தக் கணமே சொல்லை மாற்றினாள். கணவன் பெயரோடு படகுகளின் எண்ணிக்கையைச் சேர்த்தாள்: 'வேலப்பன் நாற்பது.'

"இனி எப்படிக் கண்டுபிடிப்பான், பார்க்கலாம்" என்றாள்.

கோதாயிக்கு இதெல்லாம் சிரிப்பாக இருந்தது. "என் சங்கிலே என்ன மதினி இருக்கு? நான் பேசறதைக் கேட்டா மாயாவியே காதைப் பொத்திக்குவான்!"

மறுநாள் காலையில் கோதாயி எழுந்து வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. வீட்டுக்கதவுக்கும் சங்குக்கும் அவள் ஒரே சொல்லை வைத்திருந்தாள். தினமும் கதவருகே நின்று அதை முணுமுணுப்பாள். அவள் தூங்கும்போதே சல்லடையன் மூன்று தடவை திறந்து முடித்துவிட்டான். நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும் கோதாயி, கையை ஆட்டிக் காலை உதைத்துக் கண்ணை உருட்டிப் பேச வேண்டியதாயிற்று.

அதற்கடுத்த நாள் நீலாயியின் சங்கு நடுங்கியது.

"வேலப்பன் பௌர்ணமி."

"இல்லை."

"வேலப்பன் பாறை."

"இல்லை."

"வேலப்பன் நாற்பது."

"ஆகட்டும்."

தொண்டையில் மறுபடியும் சுருக்! நீலாயி தாவிப்போய் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சொல்லை மாற்றினாள். பிறகு சங்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு தடவை திறந்தாகிவிட்டது. இன்னும் ஒரு தடவை திறந்தால் அவள் குரல் அவனுடையது. அந்தக் குரலில் அவன், "நேரா வாங்க" என்று பாறைப்பக்கம் கூப்பிடுவான். நாற்பது படகும் நம்பிப் போகும். படகு உடையும்போது மனிதன் எதைச் சொல்லிக் கத்துவான்? மனதுக்கு மிக நெருக்கமான பெயரைத்தான். அந்தப் படகுக்காரனுடைய திறவுச்சொல்லும் அதுதானே! படகுக்கு ஐந்து பேராக, ஒரே காலையில் இருநூறு குரல் கிடைக்கும் என்பதுதான் சல்லடையனின் திட்டம்.

பௌர்ணமிக்கு முந்தைய நாள் விடிந்ததும், கோதாயியின் தொண்டைக்கு நண்டு ரசம் வைக்கலாம் என்று நீலாயி கடற்கரைக்குப் போனாள். மனமெல்லாம் சங்கிலேயே இருந்தது. மணலில் ஒரு சின்ன நண்டு ஓடியது. வலது பக்கம் போகும் என்று பாய்ந்தாள். அது இடது பக்கம் போனது. இடது பக்கம் என்று பாய்ந்தாள். சுற்றிக்கொண்டு பின்னால் போனது. மூன்றாவது தடவை அவள் பாய்ந்தபோது அது அசையவே இல்லை. நீலாயி அதைத் தாண்டிப் போய்க் குப்புற விழுந்தாள்.

"நல்லா விழுந்தே" என்றது நண்டு.

நீலாயி மணலைத் துப்பினாள். "நீ பேசுவியா?"

"உன்னை மாதிரி யாராவது விழுந்தால் பேசாமல் இருக்க முடியலே."

"எந்தப் பக்கம் போவேன்னு முதல்லேயே யோசிச்சு வச்சுக்கிட்டு என்னை ஏமாத்தறே."

"யோசிச்சா மாட்டிக்குவேனே! கொக்கு யோசிக்கும், நரி யோசிக்கும். நான் என்ன யோசிப்பேன்னு அதுங்க கண்டுபிடிச்சுடும். எந்தப் பக்கம் போவேன்னு எனக்கே தெரியாது. எனக்கே தெரியாதது உனக்கு எப்படித் தெரியும்?"

நீலாயி எழுந்திருக்கவில்லை. மணலிலேயே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'கண்ணாடி என் மனதைப் பார்க்கிறது. நான் தேர்ந்தெடுக்கும் சொல் எதுவானாலும் அது என் மனதிலிருந்துதான் வர வேண்டும். நானே தேர்ந்தெடுக்காவிட்டால்?'

"நண்டே, உன்னை ரசம் வைக்கப் போறதில்லை" என்றாள்.

"தெரியும். உன்னாலே பிடிக்க முடிஞ்சால்தானே" என்றது நண்டு. ஆனாலும் என்ன செய்யப் போகிறாள் என்று பார்க்க அவள் பின்னாலேயே வந்தது.

வீட்டுக்கு வந்து நீலாயி பனையோலையைக் குவித்தாள். கோதாயி நறுக்க, நீலாயி எழுத, ஆயிரம் நறுக்குகள் தயாராயின. ஒவ்வொன்றிலும் ஒரு சொல். எல்லாம் சாதாரணச் சொற்கள்: உலக்கை, தவளை, கொட்டாவி, ஏணி, புளி, குடை. இடையிலே கோதாயி ஒரு நறுக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, நீலாயியைச் சுட்டிக் காட்டிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அதில் 'குறட்டை' என்று எழுதியிருந்தது.

"நான் ஒண்ணும் விடறதில்லே" என்றாள் நீலாயி.

கோதாயி குறட்டை விடுவதுபோல் நடித்துக் காட்டினாள். சத்தமில்லாமலே அது தத்ரூபமாக இருந்தது.

மத்தியானத்துக்குள் எல்லா நறுக்குகளையும் ஒரு குடத்தில் போட்டுக் குலுக்கியாயிற்று. நீலாயி கோதாயியை வெளியே போகச் சொன்னாள். கோதாயி நெஞ்சில் கையை வைத்து, 'நானுமா?' என்று கண்ணால் கேட்டாள்.

"நீயும்தான். குடத்திலே என்னென்ன இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சாலும் பரவாயில்லே. எது வெளியே வந்ததுன்னு எனக்கு மட்டும்தான் தெரியணும்."

கதவைச் சாத்தினாள். கண்ணை மூடினாள். ஒரு நறுக்கை எடுத்துப் பார்த்து, மறுபடி குடத்தில் போட்டுக் குலுக்கினாள். இப்படி ஆறு தடவை.

உலக்கை. விளக்கெண்ணெய். ஏணி. தும்மல். தும்மல். பூனை.

நீலாயிக்கு முகம் சுருங்கியது. "தும்மல் ரெண்டு தடவை வருதே."

"வந்தா என்ன? உங்க வீட்டிலே எல்லாரும் ஒரு தும்மலோட நிறுத்திக்குவாங்களா?" என்றது குடத்தின் பக்கத்தில் இருந்த நண்டு.

"பார்க்கவே நல்லா இல்லே. ஒரு தும்மலை எடுத்துட்டுத் தென்றல்னு வச்சுக்கறேன். பூனையை முதல்லே போட்டா இன்னும் அழகா..."

நண்டு அவள் சுண்டுவிரலை நறுக்கென்று கிள்ளியது.

"ஆ! எதுக்குக் கிள்ளினே?"

"இப்போ திருத்தினது யாரு? குடமா, நீயா?"

"நான்தான்."

"அப்போ கண்ணாடியிலே யார் தெரிவாங்க?"

நீலாயி விரலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். தென்றல் அவளுக்குப் பிடித்த சொல். பூனை முதலில் வந்தால் அவள் காதுக்கு இனிமை. அவள் ஒரு சொல்லைத் தொட்டதும் அவள் மனமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

"நான்தான் தெரிவேன்" என்றாள் மெதுவாக.

அந்த ஆறையும் விட்டுவிட்டுக் குடத்தை மறுபடி நன்றாகக் குலுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் ஆறு எடுத்தாள். வந்தது வந்தபடி, வந்த வரிசைப்படி ஏற்றுக்கொண்டாள். இந்தத் தடவை வந்த ஆறு சொற்கள் எவை என்று கேட்கிறீர்களா? எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன். எவ்வளவு கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன்.

ஒன்றுக்கொன்று ஒட்டாத சொற்களை நினைவில் வைப்பது எப்படி? நீலாயி அந்த ஆறையும் சேர்த்து ஒரு கோமாளித்தனமான காட்சியை மனதுக்குள் ஓடவிட்டாள். நெல் குத்தும்போது ஒரு தடவை, தண்ணீர் எடுக்கும்போது ஒரு தடவை, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது ஒரு தடவை. சாயங்காலத்துக்குள் மனதில் பதிந்துவிட்டது.

சங்கிடம் சொல்லும்போதுதான் பயமாக இருந்தது. பிரியமில்லாத சொற்களைக் கேட்டுச் சங்கு கோபித்துக்கொண்டால்? கையால் வாயை மறைத்துக்கொண்டு, ஆறு சொற்களையும் அதன் காதில் சொன்னாள்.

"ஆகட்டும்" என்றது சங்கு. கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. எந்தச் சொல்லையும் அது அப்படித்தான் ஏற்றுக்கொள்ளும்போல.

பௌர்ணமி விடிந்தது. பனி பாலைக் கொட்டியதுபோல் கடலை மூடியிருந்தது. நீலாயி மேட்டுப்பாறையில் ஏறினாள். பக்கத்தில் கோதாயி நின்றாள். எங்கோ தூரத்தில் படகுகளின் மணிச்சத்தம் மெல்லக் கேட்டது.

அப்போது சங்கிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மதினி, நான் கோதாயி பேசறேன். வீட்டிலேதான் இருக்கேன். புதுசா வச்ச சொல்லை ஒரு தடவை சொல்லேன், உனக்கு மறந்துபோனா நான் எடுத்துக் கொடுக்கறேன்."

நீலாயி திரும்பிப் பார்த்தாள். கோதாயி இறுக்கி மூடிய வாயோடு பக்கத்திலேயே நின்றுகொண்டு, 'நான் இல்லை, நான் இல்லை' என்று தலையை ஆட்டினாள்.

"அப்படியா, கண்ணு?" என்றாள் நீலாயி சங்கிடம். "கோதாயி என்கிட்டே ஒரு கேள்வி கேட்டுட்டுப் பதில் வரும்வரை சும்மா இருந்ததே இல்லையே. நீ இருக்கே. நீ அவ இல்லே."

குகையில் சல்லடையன் பல்லைக் கடித்தான். நெஞ்சாடியைத் திருப்பிப் பார்த்தான். வேலப்பனின் முகம் தெரிந்தது. நாற்பது படகுகள் தெரிந்தன. பாறைகள் தெரிந்தன. ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான்.

"இல்லை" என்றது சங்கு. "இல்லை. இல்லை."

கண்ணாடியை உற்றுப் பார்த்தான். அதில் ஒரு குடமும், அதற்குள் ஆறு தடவை போய்வரும் ஒரு கையும் தெரிந்தன. குடத்துக்குள் ஆயிரம் ஓலை நறுக்குகளும் தெரிந்தன. அவற்றில் எதன் பக்கமும் அவள் மனம் சாயவில்லை. நிறுத்தியிருக்கலாம். ஆனால் படகுகள் பக்கத்தில் வந்துவிட்டன. இருநூறு குரல் ஆசை அவனை விடவில்லை. ஆறு சொற்களை வாரி எடுத்துச் சொன்னான்.

"இல்லை."

வேறு ஆறு.

"இல்லை."

உங்களில் கணக்கு பிடித்தவர்கள் போட்டுப் பாருங்கள். ஆறு ஆயிரங்களை ஒன்றோடொன்று பெருக்கினால் ஒன்றுக்குப் பின்னால் பதினெட்டுச் சுழியம் வரும். சல்லடையனிடம் இருந்ததோ கோதாயியுடையதையும் சேர்த்து அறுபத்தொரு குரல். குரலுக்குப் பத்துத் தவறு.

பத்துத் தவறு போயிற்று. பதினோராவது தவறில் ஒரு குரல் அவன் தொண்டையிலிருந்து கழன்று, பனியைக் கிழித்துக்கொண்டு பறந்தது. தெருக்கோடி வீட்டில் மூன்று மாதமாகப் பேசாத கொல்லர் ஒருவர், "அடுப்பிலே என்ன தீயுது?" என்று கத்தினார். வீடே அழுது சிரித்தது. அடுத்த குரல், அதற்கடுத்த குரல். சல்லடையன் வெறிபிடித்துச் சொல்லிக்கொண்டே போனான். சங்கும் அலுக்காமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது.

"இல்லை. இல்லை. இல்லை."

திடீரென்று நீலாயியின் பக்கத்தில் ஒரு கூச்சல்.

"மதினி! வந்துடுச்சு மதினி! நாலு நாளா நான் பட்ட பாடு! அந்தக் குறட்டை விஷயத்தை அப்போவே சொல்லணும்னு..."

"இப்போ வேண்டாம் புள்ள! படகைக் கூப்பிடணும்!"

கோதாயி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் தெருவெல்லாம் பேச்சுக் குரல்கள் எழத் தொடங்கின. கடைசிக் குரலும் கழன்றபோது குகை அடங்கிவிட்டது.

நீலாயி கையால் மறைத்துக்கொண்டு ஆறு சொற்களைச் சொன்னாள்.

"ஆகட்டும்" என்றது சங்கு.

"இடது கைப்பக்கம்" என்றாள் நீலாயி. "இன்னும் கொஞ்சம். போதும். இப்போ நேரா வாங்க."

பனிக்குள்ளிருந்து முதல் படகின் மூக்கு தெரிந்தது. அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. கோதாயி விரல்விட்டு எண்ணினாள். மாசாணம் படகு வந்ததும் எண்ணிக்கை தவறிப்போய் முதலிலிருந்து எண்ணினாள். நாற்பதும் வந்து சேர்ந்தன. ஒரு பலகைகூடப் பாறையில் உரசவில்லை.

அன்றோடு சல்லடையனின் மாயம் முடிந்தது. நெஞ்சாடியில் அவன் தன் மனதைப் பார்த்தபோது, விரும்புவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. கண்ணாடி வெறுமையாகிப் புகை படிந்துபோயிற்று. ஒரு கட்டுமரத்தில் ஏறிப் போனவனை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

தீவில் வீட்டுக்கு வீடு குடம் வந்தது. கதவுக்கு ஒரு சொல்வரிசை, சங்குக்கு வேறு சொல்வரிசை என்று தனித்தனியாக எடுத்தார்கள். கோதாயி மட்டும், "அதிரசம் வரும்வரை எடுத்துக்கிட்டே இருப்பேன்" என்று அடம்பிடித்தாள். நண்டு அவள் கட்டைவிரலைக் கிள்ளிய பிறகுதான் ஒழுங்காக எடுத்தாள்.

வேலப்பன் கைகால் கழுவிக்கொண்டு, சங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஊரெல்லாம் இதே பேச்சாயிருக்கே. அப்படி என்ன சொல்லை வச்சிருக்கே, நீலாயி?"

"சொல்ல மாட்டேன்."

"என்கிட்டேகூடவா?"

"உங்ககிட்டேகூடத்தான்."

"நான் உன் புருஷன்!"

"ஆமா. அதுக்காகத்தான் சோறு போட்டு வச்சிருக்கேன். ஆறிப்போகுது, வாங்க" என்றாள் நீலாயி.

வேலப்பன் சிரித்துக்கொண்டே சங்கை அதன் இடத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அவர்கள் அங்கே சுகமாக இருந்தார்கள். கேட்ட நாமும் இங்கே சுகமாக இருப்போம்.